உங்களுக்கு எதிரே ஒரு நாற்காலி

அன்புள்ள டீச்சர்,

“உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி?” என்று உங்கள் மகள் என்னைக் கேட்டாள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு பம்மல் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தவளுக்கு, உங்கள் தையல் டப்பா என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இரும்புலியூர் வரை ஆட்டோவில் எடுத்துவந்து கொடுத்தாள். எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்ததும் மெழுகு வாசனையும் பழைய நூல் வாசனையும் சேர்ந்து வந்தன. நூல் சிட்டங்கள், இரண்டு மர ஃபிரேம்கள், ஒரு துண்டு மெழுகு, சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. சும்மா இருக்காமல் அந்தக் கத்தரிக்கோலை எடுத்து ஒரு நூல் நுனியை வெட்டினேன். வெட்டவில்லை. நூல் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மடங்கிக்கொண்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும் மடங்கியது.

“மொட்டையாயிடுச்சு போல. சாணை பிடிக்கணும்” என்றேன்.

அவள் அதை என்னிடமிருந்து வாங்கி, இடது கையில் பிடித்து, ஒரே வெட்டாக வெட்டிக் காட்டினாள். “இது லெஃப்ட் ஹேண்ட் சிசர் ஆன்ட்டி. தம்பி வெளியூர்லேருந்து வாங்கிட்டு வந்தது. அம்மாவுக்கு வீட்ல எல்லாமே இடது கைதானே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே” என்றேன். பொய் சொன்னேன் டீச்சர். அவள் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்வரை அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், தாம்பரம் மேற்கில் அந்த ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த மாடிக் கூடத்தில் உங்கள் பக்கத்திலேயே நின்று எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தவள் நான். வாரநாட்களில் நீங்கள் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியை, நான் இன்னொரு பள்ளியில். வார இறுதியில் பெரிய பெண்களுக்கான அந்த ஒரு வருட வகுப்பை நாம் இருவரும் சேர்ந்து நடத்தினோம். ஊசியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. ஒரு துணியைக் காட்டினால் போட்டவர் அவசரக்காரரா, நிதானமானவரா, நூலை மிச்சம் பிடிப்பவரா என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருந்த உங்கள் கையைத்தான் பார்க்கவில்லை.

இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாக வருகிறது. மழையில் குடையை இடது கையில் பிடித்தீர்கள். டீ கிளாஸை இடது கையில் வாங்கி, யாராவது பார்த்தால் வலது கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். கரும்பலகையில் நீங்கள் வரையும் கொடிகள் எப்போதும் கொஞ்சம் நடுங்கியே இருக்கும். முக்கியமாக, வகுப்பில் தையல் போட்டுக் காட்டும்போது நீங்கள் மிகவும் மெதுவாகப் போடுவீர்கள். நான் போட்டுக் காட்டினால், “மேடம் கை மெஷின் மாதிரி போகுது, ஒண்ணும் புரியல” என்பார்கள். உங்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ஊசி எங்கே இறங்குகிறது, நூல் எந்தப் பக்கம் படுகிறது என்று ஒவ்வொன்றும் தெரியும். அதைப் பொறுமை என்று நினைத்தேன். மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், “டீச்சர்கிட்ட பொறுமையைக் கத்துக்கணும்” என்று. உங்களுக்குப் பழகாத கையின் தயக்கம் அது என்று இப்போதுதான் புரிகிறது. அந்தத் தயக்கத்தையே நீங்கள் பாடமாக ஆக்கிக்கொண்டீர்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது.

அமுதா நம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. பதினெட்டுப் பேர் இருந்தார்கள். முதல் வகுப்பில் ஃபிரேமும் ஊசியும் கொடுத்து ஒரு நேர்கோடு போடச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் இடது கையில் ஊசியை எடுத்தாள். அவள் பெயர்கூட இப்போது நினைவில்லை, இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். நான் அவள் அருகே போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஏம்மா, பீச்சாங்கையால போட்ட பூவை எந்தச் சாமிக்குச் சாத்துறது?” என்றேன்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வகுப்பைக் கலகலப்பாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு அப்போது எண்ணம். சிரித்துக்கொண்டே திரும்பியபோது நீங்களும் சிரித்ததைப் பார்த்தேன். நூல் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். வலது கையால் பிரித்தீர்களா, இடது கையாலா? அது எனக்கு நினைவில்லை. சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

அதோடு அந்த வகுப்பில் இடது கைக்காரர் யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். முதல் வாரமே சரிசெய்துவிட்டேன் அல்லவா?

அமுதாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். அனகாபுத்தூரில் தறிக்காரர் வீடு. வகுப்பில் அவள் கை மிகவும் திணறும், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பம்மலில் ஒரு பள்ளியில் கைவேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், நம் சான்றிதழ் இருந்தால் ஜூனில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டு வாசலை விட்டு வெளியே போய்ச் செய்யும் முதல் வேலை அவளுக்கு அதுதான்.

இரண்டாவது வாரம் நீங்கள் அவளுக்கு மட்டும் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டீர்கள். மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து உங்கள் தோளுக்கு மேலாகப் பார்ப்பார்கள். அவள் மட்டும் உங்களுக்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி.

“அவளை மட்டும் ஏன் எதிர்ல உக்கார வெச்சிருக்கீங்க? தலைகீழாத்தானே தெரியும்?” என்று கேட்டேன்.

“அங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது டீச்சர். பாவம், ரெண்டு பஸ் மாறி வர்றா.”

நான் அதை நம்பினேன். ஒரு வருடம் நம்பினேன். கண்ணாடியில் முகம் பார்க்கும்போது நம் வலது கைக்கு நேரே எந்தக் கை இருக்கும்? வலது கையால் போட்டுக் காட்டும் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்தால், இடது கைக்காரர் அப்படியே பார்த்துப் போடலாம். தையல் கற்றுக்கொடுக்கும் யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும். செய்முறை பற்றி அந்த வகுப்புக்கே நான்தான் பாடம் எடுத்தேன்.

அமுதாவும் இடது கைக்காரி. வகுப்பில் உங்களைப் பார்த்துக்கொள்வாள். என் கண் இருக்கும் இடத்தில் வலது கையால் திணறுவாள். வீட்டுக்குப் போய், பார்த்ததையெல்லாம் இடது கையால் போடுவாள். ரெக்கார்டு நோட்டில் ஒட்டவேண்டிய முப்பது மாதிரிகளையும் அப்படித்தான் போட்டிருக்கிறாள்.

தேர்வு நாள் உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டு மணி நேரத்தில் நம் கண்ணெதிரே ஒரு கொடியும் மூன்று பூக்களும் போட வேண்டும். முடிந்ததும் நாம் மேசையில் உட்கார்ந்து, தேர்வில் போட்ட துணியையும் ரெக்கார்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நாத்தனாரையோ பக்கத்து வீட்டுக்காரியையோ விட்டு ரெக்கார்டு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முந்தைய வருடம்தான் ஒருத்தியைப் பிடித்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அமுதாவின் ரெக்கார்டைத் திறந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. தேர்வுத் துணியோ கோணலும் மாணலுமாக இருந்தது. அதுகூடப் பதற்றம் என்று விட்டிருப்பேன். ஆனால் ஸ்டெம் ஸ்டிச் என்று நாம் சொல்லும் காம்புத் தையலைப் பார்த்தேன். அது கயிறு முறுக்கிய மாதிரி விழும். தேர்வுத் துணியில் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ரெக்கார்டில் நேர் எதிர்ப்பக்கம். பட்டன்ஹோல் தையலும் எதிர்ப்பக்கமாக நகர்ந்திருந்தது. இரண்டு துணியும் ஒரே கை போட்டதல்ல என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அது உண்மைதான் டீச்சர். ஒரே கை போட்டதல்ல. ஒரே ஆள் போட்டது.

“நூலை ஊசிக்கு மேல புடிச்சாலும் முறுக்கு மாறும் டீச்சர்” என்றீர்கள்.

“ஒண்ணு மாறலாம். முப்பதும் மாறுமா?”

“ஒரு வாரம் பொறுக்கலாம். அவளை மறுபடி தனியா உக்கார வெச்சுப் பாக்கலாம்.”

“போன வருஷம் அந்தப் பொண்ணுக்கு ஒரு வாரம் குடுத்தோமா? ஆளுக்கு ஒரு சட்டமா?”

நீங்கள் அமுதாவைப் பார்த்தீர்கள். அவள் உங்களைப் பார்த்தாள். இன்னும் ஏழெட்டுப் பேர் துணியை மடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்கள். நான் குரலைத் தணிக்கவில்லை.

“உண்மையைச் சொல்லு அமுதா. ரெக்கார்டு யார் போட்டது?”

“நான்தான் டீச்சர் போட்டேன்.”

“இதே மாதிரி இப்ப ஒரு வரி போட்டுக் காட்டு.”

அவள் ஊசியை எடுத்தாள். எந்தக் கையில் எடுப்பது என்று ஒரு கணம் தயங்கியிருப்பாள் இல்லையா? எனக்கு அது திருட்டு முழியாகத் தெரிந்தது. வலது கையில் எடுத்தாள். நான்கு தையல் போட்டாள். நான்கும் கோணல். ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

“தகுதியில்லை” என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். தாளை உங்களிடம் தள்ளினேன். நீங்கள் வெகுநேரம் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு போட்டீர்கள்.

அதற்குப் பிறகும் நாம் ஐந்து வருடம் சேர்ந்து வகுப்பு நடத்தினோம். ஆனால், “தேர்வு நாளுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க டீச்சர், எனக்கு முடியல” என்று சொல்லிவிட்டீர்கள். நான் உங்கள் முட்டிவலியை நினைத்துக்கொண்டேன். மேசைக்கு உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரைக் கூட்டிவந்தேன்.

கத்தரிக்கோல் வந்த அடுத்த வாரம் அனகாபுத்தூருக்குப் போனேன். வகுப்புப் பதிவேட்டில் முகவரி இருந்தது. ஆற்றோரச் சந்துகளில் நாலு பேரிடம் கேட்டு, வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் கட்டில் அளவுக்கு ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பச்சைப் பட்டு, கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை. சட்டத்துக்கு மேலே அவளுடைய இடது கை ஊசியைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகமான கையை நான் நம் வகுப்பில் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் ஊசி நின்றது. “வாங்க டீச்சர்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். கத்தரிக்கோலைச் சொன்னேன், உங்களைச் சொன்னேன், என் தப்பைச் சொன்னேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அமுதா?”

“இன்னான்னு சொல்றது? நீங்க சிரிச்சிகினு சொன்னதை நான் எப்டி அழுதுகினு சொல்றது?” என்றாள். “அன்னிக்கு நானுந்தான் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கறப்ப நான் மட்டும் சும்மா இருந்தா தெரிஞ்சிடும்ல?”

பிறகு அவள் சொன்னதுதான் டீச்சர், எனக்குத் தெரியாத உங்கள் இன்னொரு பக்கம்.

“அந்த டீச்சர் அடுத்த ஞாயித்துக்கிழமையே வந்தாங்க. இதோ, நீங்க குந்தினு கீற எடத்துலதான் குந்தினாங்க. என் ஃபிரேமை வாங்கி இடது கையால ஒரு பூ போட்டாங்க. ‘நானும் உன்னை மாதிரிதாம்மா’ன்னாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ‘அப்ப அந்த மேசையில ஏன் டீச்சர் வாயத் தொறக்கல’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“இன்னா சொல்லுவாங்க? அழுதாங்க. அப்புறம் வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு கேக் எடுத்துகினு வருவாங்க. அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாங்க. நானும் எடுக்க மாட்டேன்.”

சான்றிதழை இப்போதாவது எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். “எனக்கு அம்பது வயசாவப் போவுது. அதை எந்த ஸ்கூல்ல கொண்டுபோய்க் குடுக்கறது? பிளவுஸ் மேல ஒட்டி வெக்கவா?”

“வேற என்ன செய்யணும், சொல்லு.”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “நம்ம பேட்ச்சுல ரெண்டு பேரு இதே தெருதான் டீச்சர். யாராச்சும் புதுசா பிளவுஸ் குடுக்க வந்தா, ‘அவளே போடறாளா, ஆள் வெச்சுப் போடறாளான்னு கேட்டுக்கோ’ன்னு சொல்லி அனுப்புவாங்க. சிரிச்சிகினுதான் சொல்லுவாங்க. இத்தினி வருசமா. நீங்க எங்கிட்ட வந்து சொல்றது இன்னாத்துக்கு? நான் போட்டேன்னு எனக்குத்தான் தெரியுமே. அவங்ககிட்ட சொல்லுங்க.”

எழுந்து அந்த இரண்டு வீடுகளுக்கும் அப்போதே போனேன். ஒரு வீட்டில், “அதெல்லாம் வெளையாட்டுக்குச் சொல்றது டீச்சர், அவளே ஒண்ணும் நெனைக்க மாட்டா” என்றார்கள். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். இன்னொரு வீட்டில் அந்தப் பெண், “அப்ப இத்தினி நாளா நாங்க சொன்னதுக்கு இன்னா பண்றது?” என்று கேட்டாள். “எனக்கும் அதே கேள்விதான்” என்றேன்.

மற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துப் போனில் பேசினேன். பதினாலு பேர் கிடைத்தார்கள். பலருக்கு என் குரலே அடையாளம் தெரியவில்லை. “அமுதாவா, எந்த அமுதா?” என்றவர்கள் உண்டு. ரெக்கார்டு விஷயம் என்றதும், “ஓ, அந்த அமுதாவா” என்றார்கள். அந்த ‘ஓ’ ஒவ்வொன்றும் நான் செய்தது. கூடுவாஞ்சேரியில் இருக்கும் ஒருத்தி மட்டும், “எனக்கு அப்பவே தெரியும் மேடம். பாத்ரூமுக்குப் போற வழியில நின்னுக்கிட்டு இடது கையால போடுவா, பாத்திருக்கேன்” என்றாள்.

“அப்பவே சொல்லக் கூடாதாம்மா?”

“உங்ககிட்டயா?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

அந்த வார்த்தையைத்தான் டீச்சர் நான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். அமுதாவுக்குத் தெரியும், கூடுவாஞ்சேரிக்காரிக்குத் தெரியும், உங்களுக்கோ எல்லோருக்கும் முன்பே தெரியும். மூன்று பேருமே என்னிடம் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று நினைத்தீர்கள். பள்ளியிலும் கூடத்திலுமாக எத்தனையோ வருடம் பாடம் சொன்னவளுக்கு இதைவிட வேறென்ன மதிப்பெண் வேண்டும்? என்னைக் கண்டிப்பானவள் என்று சொல்வார்கள், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கண்டிப்பு ஒன்றும் தப்பில்லை. முறுக்கு எந்தப் பக்கம் என்று அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவள், எதிரே நின்றவளின் கை தயங்கியதற்கு வேறு காரணம் இருக்குமா என்று பார்க்கவில்லை.

உங்கள்மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதை மறைத்தால் இது பொய்க் கடிதமாகிவிடும். அந்த மேசையில் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அமுதா அந்த ஜூன் மாதம் வேலைக்குப் போயிருப்பாள். உங்களால் ஏன் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உங்கள் கையை எத்தனை பேர் தட்டித் தட்டி மாற்றியிருப்பார்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. தெரிந்தும் வருத்தம் போகவில்லை. உங்களிடம் நேரில் கேட்டு, நீங்கள் கோபித்துக்கொண்டு, நானும் கோபித்துக்கொண்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்து, பிறகு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துச் சரியாகியிருப்போம். அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

நம் கூடத்தில் இப்போது வேறு இரண்டு ஆசிரியைகள் வகுப்பு எடுக்கிறார்கள். இந்த வருடம் கூட்டம் அதிகம், நாற்காலி போதவில்லை என்கிறார்கள். புது வகுப்பு தொடங்கும்போது வந்து பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேசப் போவதில்லை. இந்த மடலைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை, நீங்கள் மறைத்ததை அந்த அளவுக்காவது மதிக்க வேண்டும் அல்லவா? அமுதாவின் பெயரை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “பெரிய எழுத்தா போடுங்க டீச்சர்” என்றாள்.

அந்த இரண்டு ஆசிரியைகளுக்கும், தையல் சொல்லிக்கொடுக்கும் மற்றவர்களுக்கும் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முதல் நாள் ஊசியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மேசை நடுவில் வைத்து, அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் கை நீள்கிறது என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாமல், அதற்கு ஏற்ற இடத்தில் அவர்களுக்கு நாற்காலியைப் போடுங்கள்.